வெட்டப்பட்ட முதல் வரி

அத்தியாயம் 6

செத்துப்போன அம்மாவுக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. எழுதியிருந்த விஷயம்தான் ஒரே கரித்துக்கொட்டல்.

“பாட்டு மூன்று. மூன்றும் தண்டம். கதாநாயகனைவிட நாய் நன்றாக நடித்திருக்கிறது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதுவும் நாய்க்காக.”

நான் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாவின் மகள் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரும்படி டீச்சரைப் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் என்றால் என் முதலாளி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். விடைத்தாளில் திருடர்களைப் பிடித்தது போதும் என்று வெளியே வந்து துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நிறுவனம் என்றால் அவர், நான், ஒரு ஸ்கூட்டர். நான் ஒரு காலத்தில் தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர். தியேட்டர் மரச்சாமான் கிடங்கான பிறகு இவரிடம் வந்து சேர்ந்தேன். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. இன்றைக்கும் எல்லோருக்கும் நான் ஆபரேட்டர்தான்.

அன்று ஸ்கூட்டர் படுத்துவிட்டதால் மகளின் கணவர் தன் காரில் எங்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். வழியில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முதல் பாட்டு முடியுற வரைக்கும் அத்தைகூடத்தான் மேடம் உட்கார்ந்திருந்தேன். ஆபீசுக்கு நேரமாச்சேன்னு எழுந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா...” என்று பாதியில் நிறுத்தினார். “நீங்க உள்ள போய்ப் பாருங்க. நான் வண்டியிலயே இருக்கேன். இங்க விட்டுட்டு வந்தா போலீஸ் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுடும்.”

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு டிஸ்க் கடை. முன்பக்கம் ஜெராக்ஸும் செல்போன் ரீசார்ஜும். பின்பக்கம் மூன்று அலமாரி நிறையப் பழைய படங்கள். இன்று எடுத்தால் நாளை திருப்ப வேண்டும். செத்துப்போன அம்மா நான்கு வருஷ வாடிக்கை. கொலைப் படம், மர்மப் படம் தவிர வேறெதையும் தொட மாட்டார். பார்த்து முடித்ததும் தன் அபிப்பிராயத்தை ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வைத்து அனுப்புவார். கடைக்காரர் அதைத் தூக்கிப் போடாமல் அப்படியே விட்டுவைத்திருந்தார். அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் மற்றவர்கள் படம் எடுப்பார்களாம்.

வழக்கு இதுதான். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த அந்த அம்மாவை ஆறு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் யாரோ தலையணையால் முகத்தை அமுக்கிக் கொன்றுவிட்டார்கள். கம்பி எண்ணிக்கொண்டிருப்பது அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். ஒரு மணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், தன் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு நாலரைக்குத் திரும்புவது அவர் வழக்கம். அன்றும் நாலரைக்குத்தான் வந்தேன், வந்தபோதே அம்மா செத்துக் கிடந்தார் என்று அழுகிறார். போலீஸ் நம்பவில்லை. காரணம் டிஸ்க் பிளேயர்.

அன்று ரெண்டே முக்காலுக்கு மாப்பிள்ளை வந்து டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்றேகாலுக்கு ஆபீஸ் வாசல் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. பிளேயரோ ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. படம் முடிய இன்னும் நாலே நிமிடம். ரெண்டே முக்காலோடு ஒரு மணி ஐம்பத்திரண்டைக் கூட்டினால் நாலு முப்பத்தேழு. ஆக, அதுவரை அந்த அம்மா உயிரோடு படம் பார்த்திருக்கிறார், அப்போது வீட்டில் இருந்தது நர்ஸ் மட்டும்தான் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். டாக்டரைக் கேட்டால் ரெண்டரைக்கும் அஞ்சுக்கும் நடுவில் என்று வாய்க்கால் அகலத்துக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக் காலை நர்ஸைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் ஆறு நாளாகப் பக்கத்து வீட்டில் தூங்குகிறார்கள்.

“நர்ஸக்கா செஞ்சிருக்கவே மாட்டாங்க டீச்சர்,” என்றாள் மகள். இந்த வழக்கை எங்களிடம் கொண்டுவந்தவளே அவள்தான். “எங்கம்மாவுக்கு நான் செய்யாததையெல்லாம் அவங்க செஞ்சாங்க. அவங்க பிள்ளைங்க மூஞ்சியில என்னால முழிக்க முடியல.”

கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தக் கடைசி டிஸ்க்கின் காலி டப்பாவை அவள் முந்தின நாள்தான் கண்டெடுத்திருந்தாள். டிஸ்க் பிளேயரோடு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. டப்பாவுக்குள் ஒரு சீட்டு. அதில் ஒரே ஒரு வரி: “கொலைகாரன்: டிரைவர்.” அடிக்கோடு வேறு. அதைப் பார்த்ததும்தான் மற்ற சீட்டுகளையும் பார்க்க வேண்டும் என்று டீச்சர் எங்களை இங்கே இழுத்து வந்தார்.

டீச்சர் சீட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். சிவப்புப் பேனா மட்டும்தான் கையில் இல்லை.

“அம்மா சினிமா பார்க்குறதுல எப்படிம்மா?”

“வீட்ல எல்லாரும் சி.ஐ.டி.ன்னுதான் கூப்பிடுவோம்.” மகளின் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து படம் பார்ப்போம். நாலாவது சீன்லயே இவன்தான் கொலைகாரன்னு கையைக் காட்டிடுவாங்க. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. என் வீட்டுக்காரர் பந்தயம் கட்டிக் கட்டித் தோத்துப்போவாரு.”

“ஞாயித்துக்கிழமை படம் எப்ப வரும்?”

“சனிக்கிழமை மத்தியானமே வாங்கி வச்சுடுவாங்க.”

டீச்சர் ‘உம்’ என்றார். அந்த ‘உம்’ எனக்குத் தெரியும். எவனோ மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். பிறகு கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்தச் சீட்டெல்லாம் ஏன் மேல் பக்கம் கத்தரிச்சிருக்கு?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அது நான்தான் மேடம். முதல் வரியிலயே ‘கொலைகாரன்: டாக்டர்’, ‘கொலைகாரன்: சித்தப்பா’ன்னு எழுதி அடிக்கோடு வேற போட்டுடுவாங்க. அதைப் படிச்சா அப்புறம் எவன் படம் எடுப்பான்? வயசானவங்ககிட்ட சண்டை போட முடியுமா? அதான் மேல ஒரு வரியை வெட்டி எறிஞ்சுடுவேன்.”

“எல்லாத்துலயும் முதல் வரி அதுதானா?”

“ஒண்ணு விடாம.”

டீச்சர் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினார். “படி. சிரிக்காமப் படி.”

“ஊன்றுகோல் பெரியவர் மாடிப்படி ஏறும்போது மட்டும் கோலை மறந்துவிடுகிறார். படம் தொடங்கி ஐந்தாவது நிமிடம். இயக்குநர் கெட்டிக்காரர். போலீஸ் வருவதற்கு மட்டும் ஏன் இரண்டு மணி நேரம்? நடந்தா வருகிறார்கள்?”

“அடுத்தது.”

“சமையல்காரி இரண்டாவது காட்சியில் தனியாக இருக்கும்போதும் பயந்து நடுங்குகிறாள். யாரும் பார்க்காதபோது எதற்கு நடிப்பு? இது பார்க்கிறவர்களை ஏமாற்றுவது. ஐந்துக்கு ஒன்று. அதையும் கொடுக்க மனமில்லை.”

“ஏங்க,” என்றேன் கடைக்காரரிடம், “மேல வெட்டி என்ன பிரயோஜனம்? கீழ மொத்தக் குட்டையும் உடைச்சிருக்காங்களே!”

“அத்தனையும் வெட்டினா சீட்டே மிஞ்சாதுங்க.”

டீச்சர் மேசையைத் தட்டினார். வகுப்பு அமைதியானது. “ஆபரேட்டர், இத்தனை சீட்டுலயும் எது இல்ல?”

“நல்ல வார்த்தை.”

“‘எதிர்பார்க்கவே இல்லை’ன்னு ஒரு வரி இல்ல. எழுபது படம். எழுபதும் மர்மப் படம். ஒரு தடவையாவது ஒருத்தங்க அசந்துபோக வேண்டாமா?”

“அவங்கதான் சி.ஐ.டி.யாச்சே.”

“சி.ஐ.டி.யும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊன்றுகோலை மறந்ததை அஞ்சாவது நிமிஷத்துல யாரு கவனிப்பாங்க? அவன்தான் கொலைகாரன்னு தெரிஞ்சு, அவனையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருக்குறவங்கதான் கவனிப்பாங்க. சமையல்காரி தனியா நடுங்குறதைப் பார்த்து யாருக்குக் கோபம் வரும்? அவதான் செஞ்சான்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் வரும். கணக்குப் புத்தகத்துல கடைசிப் பக்கத்துல விடையைப் பார்த்துட்டு, அப்புறம் முதல்லேர்ந்து ஸ்டெப் எழுதுற பிள்ளைங்க இருக்காங்க பாரு, இது அந்த ஜாதிப் பேப்பர். எவ்வளவு திருத்தியிருக்கேன்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கடைசி ரீலை முதல்ல பார்த்துடுவாங்களா? அடப் பாவமே! ஒரு தடவை நான் தூக்கக் கலக்கத்துல அப்படி மாட்டிட்டேன் டீச்சர். ஜனங்க சீட்டைப் பிய்ச்சு ஸ்கிரீன்ல எறிஞ்சாங்க. இந்த அம்மா ஆசைப்பட்டு அதைச் செஞ்சிருக்காங்களே!”

“ரிமோட்ல நேரா கடைசிப் பத்து நிமிஷத்துக்குப் போறது. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்ச உடனே நிறுத்துறது. சீட்டுல முதல் வரியை எழுதி டப்பாவுல வைக்கிறது. அப்புறம் முதல்லேர்ந்து நிம்மதியாப் பார்த்து முடிச்சு, மிச்சத்தை எழுதுறது. இதுதான் அவங்க வழக்கம்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. “கள்ளி... எங்க எல்லாரையும் இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்காங்களே! ‘எப்படிம்மா கண்டுபிடிச்சே’ன்னு கேட்டா, ‘மூளை இருக்கணும்டி’ன்னு சொல்லுவாங்க.”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ, ஊரார் கொலைகளையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்த்த ஒரு மனுஷிக்கு இப்படி ஒரு சாவு வந்ததே என்று வயிறு எரிந்தது.

“அப்படின்னா அந்த ஒரு மணி ஐம்பத்திரண்டு...” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“அவங்க ரெண்டு மணி நேரம் படம் பார்க்கல. ஒரு ஆறேழு நிமிஷம்தான் பார்த்தாங்க. பார்த்தாச்சு, நிறுத்தியாச்சு, முதல் வரி எழுதியாச்சு. மிச்ச அபிப்பிராயம் சீட்டுல இல்லவே இல்ல. படத்தை ஆரம்பிக்கவே யாரோ விடல. ரெண்டே முக்காலோட எட்டு நிமிஷத்தைக் கூட்டு.”

“ரெண்டு ஐம்பத்துமூணு.”

“அந்த நேரத்துல நர்ஸ் தன் வீட்டு வாசல்ல பக்கத்து வீட்டம்மாவோட பேசிக்கிட்டு இருந்தாங்க. அதை நாலு பேரு பார்த்திருக்காங்க.”

“இன்ஸ்பெக்டர் நம்பணுமே. சீட்டைக் காட்டினா, ‘விமர்சனம் நல்லா இருக்கு’ன்னு திருப்பிக் கொடுத்துடுவாரு.”

டீச்சர் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் சிவப்பு மார்க்கரில் ‘40 நிமிடம் – நிற்கும்’ என்று எழுதியிருந்தது.

“இது என்னங்க?”

“கீறல் விழுந்த டிஸ்க் மேடம்,” என்றார் கடைக்காரர். “முதல்லேர்ந்து ஓட்டினா நாற்பதாவது நிமிஷத்துல கட்டிப்போட்ட மாதிரி நின்னுடும். ரிமோட்டுக்கும் மசியாது. எழுந்துபோய் டிஸ்க்கை வெளிய எடுத்துத் துடைச்சு, திரும்பப் போட்டு, அந்த இடத்தைத் தாண்டி ஓட்டணும். படுக்கையில இருக்குறவங்களுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனசே இல்ல. போன்ல அந்த அம்மாகிட்டயே சொன்னேன், இதுதான் வேணும்னுட்டாங்க. மாப்பிள்ளை வாங்க வந்தப்பவும் சொன்னேன். ‘நின்னா நர்ஸ் வந்து பார்த்துப்பாங்க’ன்னு கொண்டுபோனாரு.”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவருடைய பழைய மாணவர். இன்றைக்கும் டீச்சர் குரலைக் கேட்டால் எழுந்து நிற்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

“கணக்குல ஒரு இடத்துல தப்புப் பண்ணியிருக்கே. அந்த டிஸ்க்கை முப்பத்தெட்டாவது நிமிஷத்துலேர்ந்து ஓட்டிப் பாரு. ஆமா, இப்பவே. இடுப்பு முறிஞ்சவங்க எழுந்திரிக்காம அந்த இடத்தைத் தாண்ட முடிஞ்சா எனக்குச் சொல்லு.”

காத்திருந்தோம். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின் யாருடைய சான்றிதழையோ துப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன். “கீறல் டிஸ்க்குன்னு தெரிஞ்சும் அந்த அம்மா ஏன் இதையே கேட்டாங்க?”

“அதுவா?” கடைக்காரர் லேசாகச் சிரித்தார். “பாட்டைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாதே. பாட்டே இல்லாத பழைய மர்மப் படம் ஒண்ணு இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் போன் மேல போன். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரு பாட்டுக்கூடக் கிடையாதுங்க இதுல.”

டீச்சர் கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தார். கடைக்காரருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

முதல் பாட்டு முடிகிற வரை மாமியாரோடு உட்கார்ந்திருந்தாராம். டிஸ்க்கைப் போட்டுவிட்டு அவர் வேறு அறைக்குப் போன ஆறேழு நிமிடத்தில்தான் மாமியார் முடிவைப் பார்த்திருக்க வேண்டும். பழைய படம் என்றால் பாட்டு இருக்கும் என்று அந்த மனிதர் அடித்துவிட்டிருக்கிறார். நாங்கள் மட்டுமா கேட்டோம்? போலீஸிடமும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய மரியாதையையும் கண்ணீரையும் நம்பி, அவர் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு நான் வந்திருக்கிறேன். என்னையே நாலு அறை விட்டுக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மகள் தன் முழுக்கைச் சட்டையின் இடது கையை மெல்ல மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம், மஞ்சளும் நீலமுமாக இருந்தது.

“அன்னிக்குக் காலையிலதான் அம்மாகிட்ட சொன்னேன்,” என்றாள். “ரெண்டு வருஷமா மறைச்சு வச்சிருந்தேன். அன்னிக்கு என்னமோ முடியல. அம்மா கத்தவே இல்ல. ‘மத்தியானம் டிஸ்க் கொண்டுவருவாருல்ல, நான் கேக்குறேன். இனிமே உன்மேல கை வச்சா நானே போலீசுக்குப் போன் பண்ணிடுவேன்’னாங்க. சாயங்காலம் அம்மா போயிட்டாங்கன்னு போன் வந்தப்ப நான் இதை நினைக்கவே இல்ல டீச்சர். சத்தியமா நினைக்கல. அவரு என்கூட உட்கார்ந்து அழுதாரே.”

“நீ சொன்னது தப்பில்லம்மா,” என்றார் டீச்சர்.

“நான் சொல்லாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்க.”

டீச்சர் அவளுடைய சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

“நாற்பதாவது நிமிஷத்துல நின்னுடுச்சு டீச்சர். ரிமோட்டுக்கு அசையவே மாட்டேங்குது. மூணு தடவை பார்த்துட்டேன்.” இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியிருந்தது. “நர்ஸ் விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா ஒண்ணு. ரெண்டு ஐம்பத்துமூணுக்குன்னா அப்போ வீட்ல யாரு இருந்தது?”

டீச்சர் மகளைப் பார்த்தார். “நான் சொல்லட்டுமாம்மா?”

“வேண்டாம். நான் சொல்றேன்.” போனை வாங்கிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. “சார், நான் அவங்க பொண்ணு பேசறேன். என் வீட்டுக்காரர் இருந்தாரு.” பிறகு கையில் இருந்த தடத்தையும், காலையில் அம்மாவிடம் பேசியதையும், அந்தப் படத்தில் பாட்டே இல்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “நாங்க இப்பவே வர்றோம் சார். நர்ஸக்காவைத் தயாரா இருக்கச் சொல்லுங்க. அவங்க பிள்ளைங்க இன்னிக்கு அம்மாகூடத் தூங்கணும்.”

ஆட்களை இங்கேயே அனுப்புகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் கேட்கவில்லை. வெளியே நடந்தாள். டீச்சர் அவளைப் பின்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் முன்சீட்டில் ஏறினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒருவனைத் தடுக்க முடியுமா என்று தெரியவில்லை, ஆனாலும் ஏறினேன்.

“வீட்டுக்குத்தானே?” என்றார் மாப்பிள்ளை, சாவியைத் திருப்பியபடி.

“இல்ல, ஸ்டேஷனுக்கு. நர்ஸக்காவை விட்டுட்டாங்க.”

அவர் கை கியரில் அப்படியே நின்றது. கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு,” என்றார். “அப்போ... செஞ்சது யாருன்னு தெரிஞ்சுடுச்சா?”

அவள் முன்பக்கம் சாய்ந்தாள். ரெண்டு வருஷமாக அந்த மனிதரின் முகத்தை இப்படி நேருக்கு நேர் பார்த்திருப்பாளா என்று தெரியாது. இப்போது பார்த்தாள்.

“அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னதை இன்னிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டேன்,” என்றாள். “ஓட்டுங்க.”